எத்தனை செட்டு இந்த ஊரில்

எனக்கு வயது எழுபத்திரண்டு. பெற்றது நான்கு, வளர்த்தது ஏழு. மிச்சம் மூன்றும் என் நாத்தனார் பிள்ளைகள். அவள் போய்ச் சேர்ந்த பிறகு என் வீட்டுச் சோற்றில் வளர்ந்தவை. ஏழும் இன்று தம் காலில் நிற்கின்றன. அதில் எனக்குக் கர்வம் உண்டு, மறைக்க மாட்டேன்.

படிப்பு என்று பார்த்தால், அஞ்சலை என்று என் பெயரை எழுதுவேன். உத்திரமேரூர் பஸ், காஞ்சிபுரம் பஸ், செங்கல்பட்டு பஸ், இந்த மூன்றின் போர்டையும் படித்துவிடுவேன். அதற்கு மேல் எழுத என் பேத்தி கீர்த்தனா இருக்கிறாள். நான் சொல்கிறேன், அவள் எழுதுகிறாள். புத்தகத்தில் வருகிற மாதிரி எழுது, ஆனால் ஆட்கள் பேசுகிற இடத்தில் மட்டும் பேசினது பேசினபடி இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

நாற்பது வருஷத்துக்கு மேல் நடவு செட்டில் இருந்தவள் நான். அதில் பாதிக் காலம் செட்டுக்கு மூத்த ஆள். கழனியில் வேலை இல்லாத வெயில் நாளில் சித்தாளாக ஜல்லி தூக்கியிருக்கிறேன். இன்று விடிவதற்குள் வேன் ஏறிக் கம்பெனி வேலைக்குப் போகிற சின்னப் பெண்கள், "ஆயா, உன் வேலையைப் பத்தி சொல்லேன்" என்று கேட்கிறார்கள். அவர்களுக்காக இது.

1. முதல் நாள்

கல்யாணமாகி வந்த புதிதில் என் மாமியார் என்னை சாலவாக்கம் பக்கம் ஒரு கழனிக்கு நடவுக்கு அழைத்துப் போனாள். அங்கே பச்சையம்மா என்று ஒருத்தி, இடுப்பில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வரப்பில் நின்றிருந்தாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"யாரு, மருமவளா? இதுக்கு முன்னாடி எந்த செட்டுல இருந்தா?"

எனக்கு விளங்கவில்லை. என் அம்மா வீடு திருப்புட்குழிப் பக்கம். அங்கே நடவு ஆட்களைக் கும்பல் என்றுதான் சொல்வோம். அதையே சொன்னேன்.

பச்சையம்மா சிரித்தாள். "கும்பல்னா சும்மா கூடி நிக்கறது. எவளாவது பூட்டாலும் தெரியாது. செட்டுன்னா ஒரு ஆளு கொறஞ்சாலும் தெரியும்."

"அது இன்னா பாஷக்கா?"

"இங்கிலீசு. பம்பு செட்டு வந்தப்ப கூடவே வந்துச்சி. கேள்வி கேட்டது போதும், சேத்துல எறங்கு."

இறங்கினேன். பச்சையம்மா செட்டில் ஒரு வழக்கம். வேகமான கைக்காரிகளை இரண்டு ஓரத்திலும் விடுவாள். புதுசு, வயசானது, உடம்பு முடியாதது எல்லாம் நடுவில். நடுவில் இருப்பவள் பின்தங்கினால் இரண்டு பக்கத்திலும் இருப்பவர்கள் அவள் இடத்தில் இரண்டு குத்து நாற்றைச் சேர்த்து நட்டுவிடுவார்கள். தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்கு வரிசை நேராகத் தெரியும். யார் வேகம், யார் மெது என்று கழனிக்காரருக்குக் கடைசிவரை தெரியாது. பின்னால் செட்டு என் கைக்கு வந்தபோதும் அந்த வழக்கத்தை நான் மாற்றவில்லை.

இன்னொன்றும் உண்டு. சேற்றில் கால் வைத்துவிட்டால் அந்தக் கழனி முடியாமல் கரை ஏறுவதில்லை. மழை வந்தாலும் ஏறுவதில்லை. அந்தப் பேச்சு இருந்ததால்தான் எங்களைத் தேடி வந்து கூப்பிட்டார்கள்.

2. காதில் விழுந்த செட்டுகள்

அன்றிலிருந்து அந்தச் சொல் எங்கே வந்தாலும் என் காது அங்கே போய்விடும்.

பம்பு செட்டு தெரியும். மோட்டார், பைப்பு, வால்வு எல்லாம் சேர்ந்தது. ஒரு வாஷர் போனால் தண்ணீர் வராது. மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றும்போது வருகிற மைக் செட்டும் அப்படித்தான். பெரிய பெண் கல்யாணத்துக்குக் கவரிங் செட்டு வாங்கப் போனேன். அட்டிகை நன்றாக இருந்தது, தோடு பிடிக்கவில்லை. அட்டிகையை மட்டும் கொடு என்றால் கடைக்காரர், "செட்டாத்தாம்மா வரும், பிரிச்சா தோட்ட நான் எவளுக்கு விக்கிறது?" என்றார். சரி, பச்சையம்மா சொன்னதுதான் சரி, எது குறைந்தாலும் தெரிகிறதுதான் செட்டு என்று நினைத்துக்கொண்டேன்.

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு ஓட்டலில் ஒருநாள் நாஷ்டாவுக்கு உட்கார்ந்தேன். பக்கத்து மேஜைக்கு வந்த தோசை பஞ்சு மாதிரி இருந்தது. அது என்ன என்று கேட்டால் செட் தோசையாம்.

"அதுல ஒண்ணு குடு நைனா."

"ஒண்ணு தர முடியாதும்மா. ஒண்ணு தந்தா அது வெறும் தோசை. மூணு தந்தாத்தான் செட்டு."

அதுவரைக்கும் நேராக வந்த சொல் பிறகு கோணத் தொடங்கியது. என் இரண்டாவது மகன் யாரையோ காட்டி, "அவனும் நானும் ஒரே செட்டும்மா" என்றான். ஒரே வருஷம் பள்ளிக்கூடம் படித்தவர்களாம். தரகர் வந்து, "ஜாதகம் பொருந்திடுச்சி, வரன் செட்டாயிடுச்சி" என்றார். மருமகள் பானையைத் திறந்து பார்த்துவிட்டு, "தயிர் செட் ஆவல அத்தை" என்றாள். ஏன், பனிக்கு உறையவில்லை என்று சொல்லக் கூடாதா? சின்னவனுக்கு டவுனில் ஒரு வேலை கிடைத்தது. பத்து நாளில் பெட்டியோடு திரும்பி வந்து, "எனக்கு செட் ஆவல" என்றான். வேலையும் தயிரும் ஒன்றா என்று கேட்டேன், கோபித்துக்கொண்டான்.

எனக்கே பல் விழுந்து பல் செட்டு கட்டினபோது பேஜாராகிவிட்டது. வாயில் யாரோ கல்லை வைத்த மாதிரி இருந்தது. டாக்டரம்மா, "கொஞ்ச நாள் போனா செட் ஆயிடும் பாட்டி" என்று தைரியம் சொன்னாள். செட்டுக்கே செட் ஆக வேண்டியிருக்கிறது பாருங்கள்.

எங்கள் செட்டில் சரோஜா என்று ஒருத்தி. வாய் அரிவாள் மாதிரி. களை எடுக்கும்போது இதை எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் நிமிர்ந்து, "எல்லா செட்டும் நல்ல செட்டுதான்க்கா. அதுக்கு வாலு மொளச்சி செட்டப்புன்னு ஆனாத்தான், ஊரு கதவ சாத்திக்கினு பேசும்" என்றாள். வரப்பில் நின்ற கழனிக்காரர் திரும்பிக்கொண்டு சிரித்தார்.

கீர்த்தனாவிடம் கேட்டேன். அவள் போனில் தேடிப் பார்த்து, "தள்ளத் தள்ள வந்துக்கினே கீது ஆயா. பொழுது சாயறதுக்குக்கூட செட்டுதான்" என்றாள். இங்கிலீஷ்காரனுக்கு வேறு சொல்லே கிடைக்கவில்லையா என்று இன்னும் எனக்கு யோசனைதான்.

இத்தனையிலும் எனக்குப் பயம் தந்தது ஒரே ஒரு செட்டு. அதைச் சொல்லிக் கொடுத்தவர் ஏழுமலை மேஸ்திரி. எங்கள் பக்கத்தில் பாதி வீட்டுக்கு ரூஃப் போட்டவர். நான் சித்தாளாகப் போன புதிதில், கலவை இறுகிவிட்டதே என்று ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றப் போனேன். கையைப் பிடித்துவிட்டார்.

"வேணாம் அஞ்சலம்மா. சிமெண்ட்டு மேல தண்ணி பட்டுதுன்னா அதோட நேரம் ஓட ஆரம்பிச்சிடும். செட் ஆனது ஆனதுதான். மறுபடி தண்ணி ஊத்தி எளக்குனா பாக்கறதுக்கு கலவையா இருக்கும், உள்ள சத்து இருக்காது."

மாவு இளகும், களிமண் இளகும், சண்டை போட்ட மனுஷர்கூட இளகுவார். சிமெண்ட் இளகாது. அதை அன்று தெரிந்துகொண்டேன்.

3. மெஷின் சத்தம் நின்ற நாள்

இது நடந்து அதிக நாளாகவில்லை. நான் நடவை விட்டதற்கு முந்தின தை மாதம்.

எங்கள் செட்டில் கன்னியம்மா என்று ஒருத்தி. புருஷன் இல்லை, ஒரே ஒரு மகள். மழை வந்தால் அவள் ஓலை வீட்டில் அடுப்பையும் மகளையும் எங்கே நகர்த்துவது என்று தெரியாமல் நிற்பாள். பாதி மழைக்காலம் என் வீட்டில்தான் அவர்கள் இருவரும் படுப்பார்கள். காத்திருந்து காத்திருந்து, அரசாங்க வீட்டுத் திட்டத்தில் அவள் பெயர் வந்தது. சுவர் எழுந்தது. தையில் நல்ல நாள் பார்த்து ரூஃப் காங்கிரீட் என்று வைத்தார்கள். ஏழுமலை மேஸ்திரிதான்.

அன்று எங்களுக்குக் கோதண்டம் அண்ணன் கழனியில் நடவு. எங்கள் ஊரில் பெரிய கழனி அவருடையது. அவரும் அதே நாளைத்தான் கேட்டார். ஏரித் தண்ணீர் முறை வந்துவிட்டது, நாற்றும் பறித்தாயிற்று, தள்ளிவைக்க முடியாது. கன்னியம்மா ஒருத்தியை விட்டுவிட்டுப் பதினொரு பேர் இறங்கினோம். அவள் வீடு கழனிக்கு எட்டின தூரம்தான். கலவை மெஷின் கடகடவென்று சுற்றுவது காலையிலிருந்து காதில் விழுந்துகொண்டே இருந்தது.

இதில் ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். சரோஜாவுக்கும் கன்னியம்மாவுக்கும் அப்போது பேச்சு வார்த்தை கிடையாது. சரோஜா வைத்த முருங்கைக் கன்றைக் கன்னியம்மாவின் ஆடு மேய்ந்துவிட்டது. அதில் ஆரம்பித்த சண்டை. ஒரே வரிசையில் நடுவார்கள், ஒரே சொம்பில் தண்ணீர் குடிப்பார்கள், ஆனால் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்க மாட்டார்கள். "அக்கா, அங்க நிக்கறவளாண்ட நாத்து முடி கேளு" என்று என் வழியாகத்தான் பேசுவார்கள்.

பாதிக் கழனி நட்டிருப்போம். மெஷின் சத்தம் நின்றது.

"பிரியாணி வந்துடுச்சி போலகீது" என்றாள் ஸ்டெல்லா, அவளும் எங்கள் செட்டுதான். ரூஃப் போடுகிற அன்று வீட்டுக்காரர் ஆட்களுக்குக் கறிச்சோறு போடுவது வழக்கம். எல்லோரும் சிரித்தோம். ஆனால் எனக்குக் காது அங்கேயே இருந்தது. சாப்பிடப் போனாலும் ரூஃப் வேலையில் எல்லோரும் ஒரே நேரத்தில் போக மாட்டார்கள். முறை வைத்துத்தான் போவார்கள். மெஷின் நிற்கவே நிற்காது.

கொஞ்ச நேரத்தில் கன்னியம்மா வரப்பு மேல் ஓடிவந்தாள். முழங்கை வரை சிமெண்ட். சரோஜா நிற்கிற பக்கம் பார்க்காமல் என்னிடம் வந்தாள்.

"அக்கா, மெஷினு பூட்ச்சி. உள்ள பல்சக்கரம் ஒடஞ்சி பூட்ச்சாம். பாதி ரூஃபு போட்டாச்சி, பாதி வெறும் கம்பியா கீது."

"வேற மெஷினு?"

"மேஸ்திரி உத்திரமேரூர் பூரா போன் போட்டுட்டாரு. நல்ல நாளாச்சே, எல்லா மெஷினும் எங்கியோ ஓடிக்கினு கீது. பொழுது சாஞ்சிதான் வருமாம். கையால கலந்தா முடிச்சிடலாம், ஆனா ஆளு பத்தாதுன்றாரு. ஆளு இல்லன்னா பாதில நிறுத்திட்டு, நாளிக்கு மீதிய ஊத்தி ஒட்டுப் போடலாம்னு."

"ஒட்டுப் போட்டா?"

"நல்லா போட்டா ஒண்ணியும் ஆவாதுன்னு சொல்றாரு. மூஞ்சப் பாத்தா அவருக்கே நம்பிக்க இல்ல. நட்ட நடுவுல வருதுக்கா அந்த ஒட்டு. எனக்கு வேற ரூஃபா கீது? ஒழுவுனா மறுபடி நான் யார் வூட்டுக்குப் போவேன்?"

அவள் அழவில்லை. அழ நேரமில்லை. அங்கே கொட்டின காங்கிரீட்டின் ஓரம் இறுகிக்கொண்டிருந்தது.

நான் கழனியைப் பார்த்தேன். பாதி பச்சை, பாதி சேறு. பறித்த நாற்று கட்டுக் கட்டாக, முடி முடியாகக் கிடக்கிறது. கோதண்டம் அண்ணன் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வரப்பில் நிற்கிறார். எல்லாம் அவர் காதிலும் விழுந்திருந்தது.

"அண்ணா, ஒரு ஒதவி. நாத்து முடிய தண்ணியில நிறுத்தி வச்சிட்டுப் போறோம். ராத்திரி தாங்கும். நாளிக்கு பொழுது வெளுக்கறதுக்குள்ள வந்து முடிச்சிக் குடுத்துடறோம்."

"இன்னாம்மா வெளயாடறியா? சேத்துல எறங்குனா ஏற மாட்டோம்னு நீதான பெரும பேசுவ?"

"ஆமாண்ணா, நான்தான் பேசுனேன். நாத்து ஒரு ராத்திரி காக்கும். சிமெண்ட்டு காக்காது."

"நாளிக்கு எனக்கு தண்ணி மொற இல்ல. சேறு இறுவிடும். நீ போனா போ. நான் போன் போட்டா பெங்கால் செட்டு வந்துடும். வந்தா வந்ததுதான், அடுத்த நடவுக்கும் அவனுங்கதான். யோசிச்சிக்க."

சொன்னது தப்பில்லை. அவர் சேறும் இறுகுகிற பொருள்தான். வடக்கிலிருந்து வந்த பையன்கள் ஏரிக்கரைப் பக்கம் ஒரு கொட்டகையில் தங்கியிருந்தார்கள். கூப்பிட்டால் வருவார்கள். எங்களுக்கோ அந்தக் கழனிதான் வருஷத்தின் பெரிய வேலை. அதை நான் ஒருத்தியாக விட முடியாது. விட்டால் பதினொரு அடுப்புக்கும் பதில் சொல்ல வேண்டும்.

திரும்பிப் பார்த்தேன். ஒருத்தி நாற்றைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள், நடவும் இல்லை, கீழே போடவும் இல்லை.

சரோஜாதான் முதலில் கரை ஏறினாள். முழங்கால் சேற்றை வாய்க்காலில் கழுவிக்கொண்டே, கன்னியம்மாவைப் பார்க்காமல், என்னிடம் சொன்னாள்:

"எனக்கு அவ மேலதான்க்கா கோவம். ஜல்லி மேல இன்னா கோவம்?"

அவ்வளவுதான். நாற்று முடியை எல்லாம் ஓடைத் தண்ணீரில் நெருக்கி நிறுத்திவிட்டு மற்றவர்களும் ஏறினார்கள். கோதண்டம் அண்ணன் போனை எடுத்துக் காதில் வைத்தார். நான் பார்க்காத மாதிரி நடந்தேன்.

4. சாரத்தின் மேல்

எங்களைப் பார்த்ததும் மேஸ்திரி சந்தோஷப்படவில்லை, கத்தினார். "சேத்துக் காலோட ஜல்லி மேல ஏறாதீங்கம்மா! மண்ணு ஒட்டுனா காங்கிரீட்டு புடிக்காது. நல்லா கழுவிக்கினு வாங்க!"

இரண்டாம் தடவை கழுவினோம். நகம் வரைக்கும் பார்த்துத்தான் விட்டார்.

தகரத்தை விரித்து மணலும் சிமெண்டும் முதலில் காய்ந்தபடி புரட்டுவது, பிறகு ஜல்லி, பிறகு அளவாகத் தண்ணீர். மண்வெட்டி வேலையை ஆண்கள் எடுத்துக்கொண்டார்கள். கலவையை பாண்டு என்கிற இரும்புச் சட்டியில் வாரி மேலே அனுப்புவது எங்கள் வேலை. சாரத்தில் படிக்கு ஒருத்தி நின்று கை மாற்ற வேண்டும். மேஸ்திரி, பலசாலிகளை எல்லாம் கீழே நிறுத்தச் சொன்னார். நான், "எங்கள எங்க வழக்கத்துல வுடுங்க மேஸ்திரி" என்றேன். அடியில் ஸ்டெல்லா, மேலே ரூஃபில் சரோஜா, இரண்டு முனையிலும் வேகமான கை. வயசானவர்கள் நடுவில். நானும் நடுவில்தான், அப்போதே என் முழங்கால் உச்சி வரை ஏற ஒத்துக்கொள்ளாது. நடுவில் ஒரு கை தளர்ந்தால் மேல் கையும் கீழ்க் கையும் நீண்டு வந்து பாண்டை வாங்கிக்கொள்ளும். பாண்டு எங்கும் நிற்கவில்லை. மேஸ்திரி பார்த்துவிட்டு மேலே போய்விட்டார்.

மேலே சரோஜாவும் கன்னியம்மாவும். சரோஜா வாங்கிக் கொட்டுவாள், கொத்தனார் கரணையால் இழுப்பார், இன்னொருவர் வைப்ரேட்டரை விட்டு அதிர வைத்துக் கலவையை இறக்குவார். கன்னியம்மா காலிப் பாண்டைக் கீழே தள்ளுவாள். இரண்டு பேரும் ஊமை நாடகம் மாதிரி வேலை செய்தார்கள்.

ரூஃப் போடுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கொட்டின இடத்தில் நிற்க முடியாது. முன்னால் கொட்டிக் கொட்டிப் பின்னால் நகர வேண்டும். நடவும் அதேதான். முன்னால் நட்டுப் பின்னால் போவோம். குனிந்த தலை நிமிராது. குதிகால் போய் வரப்பில் தட்டும், ஏறி நிற்போம். ஆயுசு முழுக்க அப்படிப் பின்னால் நடந்த கால் எங்களுடையது.

சரோஜாவின் கால் அன்று கழனியில்தான் இருந்தது. கொட்டினாள், நகர்ந்தாள். கொட்டினாள், நகர்ந்தாள். ரூஃப் முடிகிற ஓரம் வந்துவிட்டது. அவள் குதிகால் வரப்பைத் தேடுகிறது. பின்னால் வரப்பு இல்லை, வெறும் காற்று. சாரத்தின் நடுவில் நிற்கிற எனக்கு அவள் குதிகால் மட்டும் தெரிகிறது. அது ரூஃபின் ஓரப் பலகைக்கு வெளியே வந்துவிட்டது. 

"சரோஜா! நில்லுடி! வரப்பு இல்லடி!"

கன்னியம்மா. கத்தினதோடு நிற்காமல் சேலையோடு சேர்த்து அவள் இடுப்பைப் பிடித்து இழுத்தாள். இரண்டு பேரும் ஈரக் காங்கிரீட்டின் மேல் உட்கார்ந்தார்கள். கொத்தனார் தலையில் கை வைத்துக்கொண்டார், இழுத்துவிட்ட மட்டம் போச்சே என்று.

சரோஜா மூச்சு வாங்கிக்கொண்டு கன்னியம்மாவைப் பார்த்தாள்.

"இன்னாடி, பேசிட்ட?"

"பின்ன? புது வூட்டுல சாவு வுழுந்தா நான் எப்டி குடி போவறது?"

"அதுக்குத்தானா? நான் கூட எம்மேல பாசமோன்னு பாத்தேன்."

"மொதல்ல எழுந்துரு. எங்க ரூஃபு மேல ஒக்காந்துக்கினு கீற."

கீழே நாங்கள் பாண்டை வைத்துவிட்டுச் சிரித்தோம். சிரிப்பு அடங்குவதற்குள் மேஸ்திரி, "பாண்டு! பாண்டு!" என்று கத்தினார். மறுபடி கை மாறியது.

மற்றவர் யாராவது இருந்திருந்தால் சரோஜா கால் போகிற போக்கைக் கவனித்திருக்க மாட்டார்கள். வரப்பு தட்டினால்தான் அவள் கால் நிற்கும் என்று தெரிந்தவள்தான் சரியான நேரத்தில் கத்தினாள். கன்னியம்மாவும் அவள் பக்கத்தில் இருபது வருஷம் பின்னால் நடந்தவள்.

பொழுது சாய்வதற்குள் ரூஃப் மூடிவிட்டது. ஒட்டு இல்லை. மேஸ்திரி ஓரத்தைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, "தப்பிச்சோம்மா" என்றார். பிரியாணி ஆறிக் கல்லாகியிருந்தது. சாப்பிட்டோம்.

5. மறுநாள்

இருட்டு பிரிகிற நேரத்துக்குக் கழனிக்குப் போனோம். பன்னிரண்டு பேரும் போனோம், கன்னியம்மாவும் சேர்த்து. கழனி முழுக்கப் பச்சை. முந்தின நாள் சாயங்காலமே பெங்கால் பையன்கள் வந்து முடித்துவிட்டிருந்தார்கள். பக்கத்துக் கழனியில் நட்டுக்கொண்டிருந்தார்கள்.

கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன். பையன்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவர்களும் எங்கோ ஒரு வீட்டுக்கு ரூஃப் போடத்தான் இவ்வளவு தூரம் வந்திருப்பார்கள். போனில் பாட்டை வைத்துவிட்டு மடமடவென்று நட்டார்கள். நல்ல கை. ஓரத்தில் இருந்த பையன் குனிந்தபடியே குதிகாலால் வரப்பைத் தேடினான். எந்த ஊர்க்காரனாக இருந்தாலும் நடவுக்காரன் கால் ஒன்றுதான்.

எங்களுக்கு அன்று வேலை இல்லை. கன்னியம்மா வீட்டு மாடிக்கே போனோம். புது காங்கிரீட்டுக்குத் தண்ணீர் கட்ட வேண்டும். மாடி மேல் சின்னச் சின்னதாக வரப்பு கட்டிப் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் நிறுத்துவார்கள், கியூரிங் என்று பெயர். வரப்பு கட்ட எங்களுக்குச் சொல்லித் தரவேண்டுமா? மேஸ்திரி வருவதற்குள் முடித்துவிட்டோம். தண்ணீர் நிறைந்து வானம் தெரிந்தது.

"நாத்து எடுத்தாங்கடி, நட்டுடலாம்" என்றாள் சரோஜா.

"நட்டா உன் முருங்கைய நடு. எங்க ஆட்டுக்கு மாடி ஏறத் தெரியும்" என்றாள் கன்னியம்மா.

களை எடுக்கிற பருவம் வந்தது. பெங்கால் செட்டு நடவோடு சரி, அடுத்த ஊர், அடுத்த நடவு என்று போய்விடுவார்கள். களைக்கு நிற்க மாட்டார்கள். ஒருநாள் கோதண்டம் அண்ணன் வண்டியை என் வாசலில் நிறுத்தினார். இறங்கவில்லை.

"இன்னாம்மா, களைக்கு வர்றீங்களா?"

"வர்றோம்ண்ணா. ஆனா முன்னாடியே சொல்லிடறேன். எங்க ஆளு வூட்டுக்கு ரூஃபு காங்கிரீட்டுன்னா நாங்க கரை ஏறிடுவோம்."

அவர் சிரித்தார். "அதான் ரூஃப் போட்டாச்சே. இன்னும் இன்னா?"

"எங்க செட்டுல இன்னும் நாலு பேரு ஓல வூட்டுலதான் கீறாங்கண்ணா."

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு, "சரி, நாளிக்கு வாங்க" என்று வண்டியை எடுத்தார். அடுத்த நடவுக்கும் எங்களைத்தான் கூப்பிட்டார்.

இளம் பெண்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். வேலைக்குப் போகிற இடத்தில் எல்லாவற்றையும் அவசரம் என்று சொல்லுவார்கள். நம்பாதீர்கள். எது ஒரு ராத்திரி தாங்கும், எது தாங்காது என்று நீங்களே கையால் தொட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தாங்குவதைத் தண்ணீரில் நிறுத்திவிட்டு, தாங்காததைப் போய்ப் பிடியுங்கள். அதற்காக ஒரு கழனி போனால் போகட்டும். எங்களுக்கும் போனது. அந்த ரூஃபுக்குக் கீழே கன்னியம்மா மகள் இன்று பிள்ளைத்தாய்ச்சியாக வந்து படுத்திருக்கிறாள். இந்த மழைக்கு ஒரு சொட்டு உள்ளே விழவில்லை.

போதும் கீர்த்தனா, எழுதினது. மேலேயிருந்து படி, கேட்கிறேன். கொஞ்சம் இரு, சரோஜாவையும் கூப்பிட்டுக்கொண்டு வா. தான் விழப் போகவே இல்லை என்று அவள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அந்த இடத்தை மட்டும் சத்தமாகப் படி.